பிர்லோவைப் பின்னால் நிறுத்தியவர்: அன்செலோட்டியின் நடுக்களக் கணக்கு

அவையோர்க்கு வணக்கம்.

கார்லோ அன்செலோட்டி என்றதும் "நட்சத்திர வீரர்களைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்கத் தெரிந்தவர்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றவர் இவர் ஒருவர்தான். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என ஐந்து பெரிய லீக்குகளையும் வென்றவரும் இவர்தான். தட்டிக்கொடுப்பதால் மட்டும் இவ்வளவும் வந்துவிடாது. நடுக்களத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்பதில் அவர் முதலில் தவறினார், பிறகு தேறினார். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

1959இல் ரெஜியோலோவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பார்மாவில் ஆடத் தொடங்கி 1979இல் ரோமாவுக்குப் போனார், 1983இல் லீக் பட்டம் வென்றார். முழங்காலில் இரண்டு முறை பெரிய காயம். 1984 ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) இறுதி ரோமாவின் சொந்த மைதானத்திலேயே நடந்தும் அவரால் இறங்க முடியவில்லை. 1987இல் மிலானின் பயிற்சியாளர் அரிகோ சாக்கி அவரை மிலானுக்கு அழைத்துக்கொண்டார். கால் வேகம் குறைந்திருந்தாலும் ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் தலை அவருக்கு இருந்தது. 1989, 1990 என அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள்.

சாக்கியின் முறை 4-4-2, அதாவது பின்வரிசையில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்னால் இருவர். பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே சுமார் 25 மீட்டர்தான். பத்துப் பேரும் ஒன்றாக முன்னேறி ஒன்றாகப் பின்வாங்க வேண்டும். 1994 உலகக் கோப்பையில் இத்தாலிக்குப் பயிற்சி தந்த சாக்கிக்கு உதவியாளராகவும் இருந்தவர் என்பதால், அன்செலோட்டிக்கு அது வேதமாகிவிட்டது.

விளைவு அவர் பார்மாவின் பயிற்சியாளரானபோது தெரிந்தது. முன்கள வீரர்களுக்குப் பின்னால் ஆட வேண்டிய ஜோலாவை இடப்பக்க ஓரத்தில் நிறுத்தினார். 1996 நவம்பரில் ஜோலா செல்சிக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு, ஜோலாவைப் போலவே ஆடும் பாஜியோ வரத் தயாராக இருந்தார். என் 4-4-2இல் உங்களுக்கு இடமில்லை என்று மறுத்தார் அன்செலோட்டி. பாஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் 22 லீக் கோல்கள் அடித்தார். முறை ஒரேயடியாகத் தோற்றது என்றும் சொல்ல முடியாது. 1996-97இல் பார்மா இரண்டே புள்ளி குறைந்து இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் அடுத்து அவர் பயிற்சியாளராகப் போன ஜுவென்டசில் ஜிடான் இருந்தார். அவரை ஓரத்தில் தள்ள எந்தப் பயிற்சியாளருக்குத் துணிவு வரும்? 4-4-2 கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டும் இரண்டாம் இடம்தான், வேலையும் போனது. பாடம் மட்டும் மிஞ்சியது.

2001 நவம்பரில் மிலானின் பயிற்சியாளரானார். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்கள வீரர்களுக்குப் பின்னால் ஆடும் பத்தாம் எண் வீரருக்குப் பந்து வரும்போது முதுகு கோலைப் பார்த்திருக்கும், எதிரணியின் தடுப்பு நடுக்கள வீரர் ஒட்டிக்கொண்டு நிற்பார். மிலானின் நடுக்கள வீரர் பிர்லோ அங்கே திணறினார். அவரையே தம் பின்வரிசைக்கு முன்னால் நிறுத்தினால் முகம் களத்தைப் பார்க்கும். நெருக்க யாருமில்லை, 40 மீட்டர் பாஸ் போடலாம். பிரெஸ்ஷா அணியின் பயிற்சியாளர் மாட்சோனே இதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். அன்செலோட்டி அதற்கேற்ப அணியையே கட்டினார். பிர்லோ பந்தைப் பறிக்க மாட்டார், அதற்கு வலப்பக்கம் கட்டூசோ. இடப்பக்கம் சீடோர்ஃப், உச்சியில் ரூய் கோஸ்டா. நால்வரையும் காகிதத்தில் புள்ளி வைத்து இணைத்தால் வைர வடிவம் வரும். 2003 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஜுவென்டசை பெனால்டியில் வீழ்த்திய அணி இதுதான்.

இதன் ஓட்டை ஓரங்களில் இருந்தது. பக்கவாட்டு வீரர்கள் இல்லாததால் பின்வரிசையின் இரு ஓரங்களிலும் ஆடும் ஃபுல்பேக்குகள்தான் மேலே ஏறி அகலம் தர வேண்டும். இன்னொரு ஓட்டை 2005 இறுதியில் தெரிந்தது. இஸ்தான்புல்லில் இடைவேளையில் மிலான் 3-0 முன்னிலை. லிவர்பூல் தடுப்பு நடுக்கள வீரர் ஹமானை இறக்கி மூவர் பின்வரிசைக்கு மாறியது. வைரத்தின் உச்சியில் அதுவரை தடுப்பாரின்றித் திரிந்த மிலானின் ககாவை ஹமான் அடைத்தார், லிவர்பூலின் ஜெரார்டு முன்னேறினார். ஆறே நிமிடத்தில் 3-3, கடைசியில் பெனால்டியில் தோல்வி. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் ஹமானை மறந்துவிடுகிறார்கள். 2007 ஏதென்ஸ் இறுதியில் அதே லிவர்பூலுக்கு எதிராக 4-3-2-1. பிர்லோவுக்கு இருபுறமும் கட்டூசோ, அம்ப்ரோசினி என இரண்டு காவல். ககா, சீடோர்ஃப் இருவருக்கும் முன்னால் இன்சாகி. 2-1 வெற்றி, இரண்டும் இன்சாகி அடித்தவை.

செல்சி, பாரிஸ், மியூனிக் மூன்றிலும் லீக் பட்டம் வந்தது. மேலே சொன்ன கணக்கு மறுபடி பளிச்சென்று தெரிந்தது ரியல் மாட்ரிடில்தான். 2014இல் ஓர வீரரான டி மரியாவை நடுக்கள மூவரில் இடப்பக்கம் நிறுத்தினார். லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியின் கூடுதல் நேரத்தில், ஓடி ஓடிக் களைத்த அட்லெடிகோவைக் கிழித்தது அவருடைய ஓட்டம். அதிலிருந்துதான் பேலின் கோல். 2023இல் முன்கள வீரர் பென்சிமா போனதும், வைரத்தின் உச்சியில் பெல்லிங்ஹாமை வைத்தார். நடுக்கள வீரர் 19 லீக் கோல்கள் அடித்தார்.

2024-25இல் கணக்கு உதைத்தது. நடுக்கள வீரர் குரோஸ் ஓய்வு பெற்றார், முன்கள வீரர் எம்பாப்பே வந்தார். முன்னால் ஆள் கூடியது. பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஆள் இல்லை, பந்து போனால் திரும்பி ஓடவும் ஆள் குறைவு. பார்சிலோனாவிடம் நான்கு ஆட்டமும் தோல்வி, ஆர்சனலிடம் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 5-1.

அந்த மே மாதம் பிரேசில் பொறுப்பை ஏற்றார். தேசிய அணியில் தினசரிப் பயிற்சி கிடையாது. நுட்பமான ஏற்பாடுகளைச் சொல்லித்தர நாள் போதாது. ஆகவே முதல் பட்டியலிலேயே 33 வயது தடுப்பு நடுக்கள வீரர் கசெமிரோவைத் திரும்ப அழைத்துப் பின்வரிசைக்கு முன்னால் நிறுத்தினார். ஈக்வடாருடன் 0-0, பராகுவேயுடன் 1-0. 2026 உலகக் கோப்பைக்கு பிரேசில் தகுதி பெற்றது.