வாரண்டி அட்டை காப்பு அல்ல

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம். டிவியும் செல்போனும் வாங்குகிறவருக்கு வாரண்டி அட்டை காப்பா, கண்துடைப்பா? கண்துடைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

இந்த மேடைக்கு ஒரு நடுவர் இருக்கிறார். வாரண்டிக்கு அப்படி யாரும் கிடையாது. பொருளைச் செய்த கம்பெனியின் ஆளே திறந்து பார்க்கிறார். "தயாரிப்பில் குறை இல்லை, உங்கள் தவறு" என்று அவரே எழுதியும் விடுகிறார். என் வாதத்தின் ஆணிவேர் இதுதான்.

ஏற்காட்டில் ஒரு வீட்டு டிவி ஓராண்டுக்குள் அணைந்துபோகிறது என்று வையுங்கள். "கரண்ட் ஏறி இறங்கியிருக்கு, வாரண்டியில வராது" என்பார்கள். அந்த டிவியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் 180 வோல்ட்டிலும் அது ஓடத்தானே வேண்டும்! சரி, இடி மின்னலில் மின்சாரம் எகிறிப் பாய்ந்தது என்றே வைப்போம். டிவிக்குள் மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் பவர் போர்டில், மின்சாரம் நுழையும் இடத்தில் பியூஸும், எகிறும் வோல்ட்டைத் தாங்கிக்கொள்ளும் எம்.ஓ.வி.யும் இருக்கின்றன. முதலில் அடிவாங்குபவை பெரும்பாலும் அவைதான். இரண்டும் பழுதில்லாமல் இருக்க, மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் அவுட்புட் பக்கத்துக் கெபாசிட்டர் மட்டும் தலை உப்பியிருந்தால், சூட்டில் காய்ந்துபோன கெபாசிட்டர் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது நம் வீட்டு கரண்ட்டின் குற்றமா? போர்டைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள்?

செல்போனுக்குள் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவக்கும். தண்ணீரில் விழுந்ததா, பனிமூட்டத்தின் ஈரம் துளியாகப் படிந்ததா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சிவந்திருந்தால் தீர்ந்தது கதை.

இன்னொன்று, "கேரி-இன்" வாரண்டி. பொருளை நாமே சுமந்துபோக வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். டிவியைப் படுக்கவைத்து ஏற்றினால் பேனல் விரிசல் விடலாம். நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். வழியில் கீறல் விழுந்தாலும் "பிசிக்கல் டேமேஜ்", அதுவும் நம் தலையில்தான்.

வேலை முடியும் முன்பே ஓ.டி.பி. கேட்பதும் நடக்கிறது. கொடுத்தால் புகார் முடிந்ததாகப் பதிவாகிவிடும். பொருள் ஓடுவதைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள், பெருமக்களே. ஒப்படைக்கும் முன் சீரியல் எண்ணோடு நாலு பக்கமும் படமெடுங்கள். வாரண்டி கிடையாது என்று மறுத்தால், காரணத்தை சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டான ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். வெறும் வாய்ச்சொல்லை நுகர்வோர் ஆணையத்தில் நிரூபிப்பது கடினம்.

எதிரணி நண்பர் சட்டம் இருக்கிறதே என்றார். இருக்கிறது! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 2 ஆண்டு அவகாசம் உண்டு. 38ஆம் பிரிவின்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் புகார் சொல்லலாம். ஆனால் நடுவர் அவர்களே, இவை அத்தனையும் நாடாளுமன்றமும் அரசும் தந்தவை, அட்டை தந்தவை அல்ல. அட்டை பேச மறுத்த பிறகுதான் சட்டத்தின் கதவைத் தட்டுகிறோம். அட்டையே காப்பு என்கிற எதிரணி, பழுது யாருடையது என்பதை மூன்றாமவர் சோதித்துச் சொல்வார் என்று எழுதிய ஒரே ஒரு வாரண்டி அட்டையை இந்த மேடையில் காட்டட்டும். நன்றி, வணக்கம்.