ஒருமனதாக

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

கம்பெனிகள் இணைவதைப் பற்றியும், ஒரு கம்பெனியை எப்படி நிர்வாகம் செய்வது என்பதைப் பற்றியும் பேசச் சொன்னீர்கள். இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி, வெள்ளிப் பட்டறை என்று குடும்பத் தொழில் செய்கிறவர்கள். இதெல்லாம் பம்பாய் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் நம் ஊர் பெயரிலேயே ஒரு வங்கி இருந்தது. சேலம் வங்கி. 1925-இல் தொடங்கியது. 1960-களில் இந்தியன் வங்கிக்குள் போய்விட்டது. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆவது பிரிவைத் திருத்தினார்கள். தள்ளாடுகிற ஒரு வங்கியை இன்னொன்றோடு சேர்க்க ரிசர்வ் வங்கி திட்டம் போடலாம், மத்திய அரசு ஒப்புதல் தரலாம் என்று வழி பிறந்தது. ஊர் ஊராக இருந்த சின்ன வங்கிகள் பல அந்தப் பத்தாண்டில்தான் மறைந்தன.

அதே 45-ஆவது பிரிவு 2020-இல் நம் பக்கத்து ஊருக்கு வந்தது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி, 1926-இல் தொடங்கியது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி அது. பிறகு பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கப் போனது, வாராக்கடன் ஏறியது, வருடா வருடம் நஷ்டம். இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையலாம் என்று கேட்டார்கள், 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு, தலைமை அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களை வெளியே அனுப்பினார்கள். நம் நாட்டில் அபூர்வமாக நடக்கிற காரியம் அது. ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் 17-ஆம் தேதி, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை. 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. போட்டு வைத்தவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பங்கு மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது.

இந்த வங்கியை விடுங்கள், பொதுவாகக் கேட்கிறேன். ஒரு பெரிய கடனுக்கு இயக்குநர்கள் கூட்டத்தில் ஒப்புதல் தருகிறபோது, "இது வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அது எங்கே போய்ச் சேருகிறது?

நான் ஆடிட்டர். முதலில் கேட்கிற புத்தகம் மினிட்ஸ் புத்தகம், இயக்குநர்கள் கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கிற புத்தகம். பொதுவாக வருடத்துக்கு நான்கு கூட்டம் சட்டப்படி நடக்க வேண்டும், சின்ன கம்பெனிகளுக்கு இரண்டு போதும். பல கம்பெனிகளில் எல்லாக் கூட்டத்தையும் ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே உட்காரலில் எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தீர்மானத்தின் கடைசியிலும் ஒரே வரி: "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது." கம்பெனிச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, தீர்மானத்துக்கு ஒப்பாதவர் யார் என்று பெயர் போட்டு எழுதச் சொல்கிறது. மறுப்பவருக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் பெயர் எழுதியிருந்த புத்தகங்களை நான் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அது பெரிய வருத்தம்.

சத்யம் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். 2008 டிசம்பர் 16. நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பம் சம்பந்தப்பட்ட மேடாஸ் என்ற இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்குவது என்று தீர்மானம். ஒன்று வீடு, மனை, இன்னொன்று கட்டுமானம். சத்யமோ மென்பொருள் கம்பெனி. இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், மத்திய அரசில் அமைச்சரவைச் செயலராக இருந்தவர் இருந்தார். கேள்விகள்கூடக் கேட்டார்கள். முடிவில் ஒருமனதாக ஒப்புதல். அமெரிக்கச் சந்தையில் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது, சில மணி நேரத்திலேயே கைவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து, ஜனவரி 7 அன்று, வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ராஜு கடிதம் எழுதினார். இல்லாத பணத்துக்குப் பதிலாக நிஜமான நிலத்தைக் கணக்கில் வைக்கத்தான் அந்த இணைப்பே. அன்றைக்கு அந்த மேசையில் ஒருவர் கை தூக்கியிருந்தால் என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஜவ்வரிசிக்காரர்களுக்கு சேகோசர்வ் தெரியாமல் இருக்காது. 1981-இல் பிறந்த கூட்டுறவுச் சங்கம். ஆலைகள் இணையவில்லை, அவரவர் ஆலை அவரவருக்கு. விற்பனையில் மட்டும் ஒன்று கூடினார்கள். மூட்டை வந்தால் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள், அப்புறம்தான் ரகசிய டெண்டர். யார் வீட்டு மூட்டையாக இருந்தாலும் கம்பி குத்தாமல் போகாது. மூட்டைக்கு இவ்வளவு பார்க்கிற நாம், குடும்பத் தீர்மானத்துக்கு ஒரு சோதனையும் வைப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஆத்தூர்ப் பக்கம் இரண்டு ஆலைகள், மாமன் மச்சான் இருவரும் ஒன்றாக்க முடிவு செய்தார்கள். சின்ன கம்பெனிகள், கம்பெனிச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் இணைப்பு சுருக்கமாக முடிந்துவிடும். ஐந்தொகையை வைத்து, யாருக்கு எத்தனை பங்கு என்று பேசி முடித்தாயிற்று. நான் கிளம்புகிறபோது, ஒரு ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மருமகள் வாசல்வரை வந்தார். "சார், மூணாவது குடோன்ல அடி வரிசை மூட்டையைக் குத்திப் பாருங்க."

மறுநாள் காலை போனோம். மேல் வரிசைகள் வெள்ளையாக, முத்து மாதிரி உதிர்ந்தன. அடி வரிசையில் கம்பியை விட்டு இழுத்தால், பள்ளத்தில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சளாக வந்தன. புளித்த வாடை. விலை ஏறட்டும் என்று போட்டு வைத்தது, மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மாமனாருக்கு நிஜமாகவே தெரியாது. எடை மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"போன ஐப்பசி மழையிலயே தெரியும் மாமா. எங்க சொல்றதுன்னு தெரியல."

அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. எத்தனை வீடுகளில் கணக்கு தெரிந்தவருக்குக் கூட்டத்தில் நாற்காலி இல்லை! இருப்பைக் குறைத்து, பங்கை மறுபடி பேசினோம். இணைப்பு நடந்தது. அந்தப் பெண்ணை இயக்குநர் ஆக்கினால்தான் நான் தொடர்ந்து கணக்குப் பார்ப்பேன் என்றேன். இரண்டு மாதம் யோசித்துச் சம்மதித்தார்கள்.

இந்த வருடம் அவர்கள் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தேன். ஏற்காட்டில் உறவினர் ஒருவர் தங்கும் விடுதி கட்டுகிறார், அந்தக் கடனுக்கு நம் கம்பெனி ஜாமீன் நிற்கலாமா என்று ஒரு பொருள் வந்திருந்தது. அதற்குக் கீழே மருமகளின் பெயர் இருந்தது. "ஒப்பவில்லை. ஜவ்வரிசி ஆலையின் சொத்தை விடுதிக்கு அடகு வைக்கக் கூடாது" என்று காரணமும் எழுதியிருந்தது. ஜாமீன் கொடுக்கப்படவில்லை. பக்கத்தின் அடியில், தலைவர் என்ற இடத்தில், மாமனார் கையெழுத்துப் போட்டிருந்தார்.