தின்பதைக் குறைத்துத் தப்பிக்கும் மலேரியா
(பொள்ளாச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கமுங்க.

வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றொரு ஊர் இருக்கிறது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து எடுக்க அந்த மரத்தை நட்டார்கள். மரத்தின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. அந்தக் காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்காமல் போவது எப்படி என்றுதான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மலேரியாவைத் தரும் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதிலுள்ள ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிஞ்சுவது இரும்புள்ள ஹீம். அது ஒட்டுண்ணிக்கே விஷம். திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: சாயக்கழிவை ஆற்றில் விடாமல் வற்றவைத்து உப்பாகப் பிரிக்கிறார்கள் அல்லவா, அதுபோல ஒட்டுண்ணியும் ஹீமைத் தன் உணவுப்பைக்குள் படிகமாக்கி ஒதுக்குகிறது. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து அந்தப் பைக்குள் போய் ஹீமைப் பிடித்துக்கொண்டு படிகமாக விடாது. விஷம் தேங்கி ஒட்டுண்ணி சாகும்.

1950களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் இந்த மருந்து தோற்கத் தொடங்கியது. உணவுப்பையின் சுவரில் 424 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம் உண்டு. அதில் 76ஆவது இடத்தில் லைசினுக்குப் பதில் திரியோனின் வந்து, கூடவே வேறு சில இடங்களும் மாறினால், அந்தப் புரதம் குளோரோகுயினை வெளியே தள்ளிவிடுகிறது.

இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேணும். அந்தப் புரதத்தின் சொந்த வேலை வேறு. அரைகுறையாகச் செரித்த ஹீமோகுளோபின் துண்டுகளைப் பைக்கு வெளியே அனுப்பி, ஒட்டுண்ணிக்குச் சாப்பாடு சேர்ப்பதுதான் அது. மருந்தைத் தள்ளப் பழகியதும் அந்த வேலை கெடுகிறது. துண்டுகள் பைக்குள்ளேயே தேங்குகின்றன. சில வகைகளில் பையே உப்பிவிடுகிறது. மருந்து இருக்கும் வரை இப்படி மாறிய ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம். மருந்தை எடுத்துவிட்டால் சாதாரண ஒட்டுண்ணியோடு போட்டி போட முடியாமல் பின்தங்குகிறது.

ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. 2005இல் அங்கே குழந்தைகளுக்கு மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். 99 விழுக்காடு குணம்! முதன்முதலாகப் படித்தபோது மெய்சிலிர்த்துவிட்டது. எல்லா நாட்டிலும் இப்படி நடக்கவில்லை. நம் நாட்டில் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கு இன்னமும் குளோரோகுயின்தான் கொடுக்கிறோம். அதனால் ஃபால்சிபாரத்தின் மேலும் அந்த மருந்தின் நெருக்கடி தொடரத்தான் செய்யும்.

அப்புறம் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து வந்தது. இதைத் தூண்டி வேலை செய்யவைப்பதே ஹீம்தான். கெல்ச்13 என்ற மரபணு மாறிய ஒட்டுண்ணி, வளையம்போலத் தெரியும் இளம் பருவத்தில் ஹீமோகுளோபின் விழுங்குவதையே குறைத்துக்கொள்கிறது. தீனி குறைந்தால் ஹீம் குறையும். ஹீம் குறைந்தால் மருந்து முழுதாக விழித்துக்கொள்ளாது. இந்த மருந்து சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அதுவரை அரைப்பட்டினியாகக் கிடந்து பிழைத்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தை 2014இல் கம்போடிய ஒட்டுண்ணிகளில் அடையாளம் கண்டார்கள்.

அதனால்தான் நெடுநேரம் தங்கும் துணை மருந்தும் சேர்த்து மூன்று நாள் கொடுக்கிறார்கள். முதல் நாளே காய்ச்சல் விட்டாலும், மிச்ச மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மில் முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன்: ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நம்மை நம்பி வரும் பிள்ளைகளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாத்திரை முடியும் வரை சம்பளத்தோடு லீவு கொடுங்கள்.

நன்றிங்க.