சட்டத்துக்குள் இருந்த கையெழுத்து

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில் உள்ளூர் ஓவியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"உங்களுக்கு ஓவியம் எங்கிருந்து வந்தது?" என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். பாரிசிலிருந்து வந்தது என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் முப்பது வருஷம் கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். எனக்கு அது ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், எங்கள் வீட்டு முன்னறைச் சுவரிலிருந்து வந்தது.

அந்தச் சுவரில் வள்ளி தெய்வானையோடு முருகன் படம் இருந்தது. சாமிக்குப் பின்னால் ஒரு நீல மலை, அதிலிருந்து இறங்கும் அருவி, கீழே தாமரைக் குளம். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, விளக்கேற்றிக் கும்பிடுவார். பக்கத்தில் நான் கையைக் கூப்பிக்கொண்டு அந்த மலையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அப்பாவிடம், "இது எந்த மலைப்பா?" என்று கேட்டேன். "பழனி" என்றார், யோசிக்காமல். ஊரிலிருந்து கப்பலேறி வந்த பாட்டி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "பழனியில ஏதுடா அருவி?"

அந்தக் கேள்வி ரொம்ப வருஷம் எனக்குள் கிடந்தது. பதில் கிடைத்தது தோட்டத்தை விட்டு வெளியேறிய அன்று. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், தோட்டமும் கைமாறியது, நாங்கள் லோரியில் சாமான் ஏற்றினோம். இறக்கும்போது படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. அம்மா அழுதார், அபசகுனம் என்று. நான் சில்லுகளைப் பொறுக்கி, சட்டத்தைப் பிரித்து, படத்தை வெளியே எடுத்தேன். இத்தனை வருஷமும் சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த கீழ் ஓரத்தில் ஒரு கையெழுத்து: சி. கொண்டையராஜு.

சாமிப்படத்தை ஒரு மனுஷன் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேர் வீட்டுப் படத்தில் பெயர் தேடியிருக்கிறீர்கள்?

கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். அப்புறம் வாழ்க்கை அவரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோனது, ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம். அதற்கும் பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை. ஊர் ஊராகப் போகும் கம்பெனிக்குத் தர்பார் சீன், தெரு சீன், காட்டு சீன் என்று படுதா படுதாவாக வரைய வேண்டும். கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்துவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி, காலண்டர் அச்சடிக்கும் ஊர். தி.சு. சுப்பையா போன்ற சீடர்கள் கூடவே இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1976இல் காலமானார்.

இப்போது அந்த மலைக்கு வாருங்கள். சீன் எழுதிய கை அது! முருகன் நிற்பது பழனியிலும் இல்லை, திருத்தணியிலும் இல்லை, ஒரு நாடக மேடையில் நிற்கிறார். பின்னால் தொங்குவது காட்டு சீன் படுதா. அதனால்தான் சாமியின் பாதத்துக்கும் அந்தக் குளத்துக்கும் நடுவே தரையே இருக்காது. தூரத்து அருவியின் சாரல் சாமி மேல் படாது. வெளிச்சம் மட்டும் முன்னாலிருந்து முகத்தில் விழும், மேடை விளக்கு மாதிரி. பாட்டிக்கு இதைச் சொல்ல அவர் அப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கைக்கு முன்னால் இன்னொரு கை உண்டு. கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா. அரச குடும்பத்துத் தொடர்புள்ளவர்தான், ஆனாலும் எண்ணெய் வண்ணம் கற்றுத்தர ஆள் கிடைக்கவில்லை. திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் யாருக்கும் தெரியாமல் வந்து தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்ததாக வரலாறு. பெரிய கலைஞர் என்று ரவிவர்மாவை ஊரே கொண்டாடுகிறது. எனக்கென்னவோ ஆறுமுகம் பிள்ளைமேல்தான் பிரியம். வாத்தியாருக்குத் தெரிந்தால் பிழைப்பே போயிருக்கும், இல்லையா?

1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்தார். கல்லச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல், ஒன்றின் மேல் ஒன்றாக ஒத்தியெடுக்க வேண்டும். ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கோயிலுக்குள் போக முடியாதவர்கள் வீட்டுக்கும் சாமி வந்தது அந்தக் காகிதத்தில்தான். அதே வழியில் வந்த காகிதம்தான் பினாங்கில் இறங்கி, நம் லயங்களில் ஏறி உட்கார்ந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு தோட்டத்துக் கோயிலில் சுவருக்கு முருகன் எழுதக் கூப்பிட்டார்கள். ஊரைச் சொல்ல மாட்டேன். முருகனை ஆசான் வழியிலேயே வரைந்தேன். மலை மட்டும் என் கைக்கு வரவில்லை. வெளியே பார்த்தேன். ஈப்போ சாலையில் போகும்போது நீங்கள் தினமும் பார்க்கிற சுண்ணாம்புக் குன்றுகள்: வெள்ளைப் பாறையில் கறுப்பு ஒழுகல், உச்சியில் தலைமுடி மாதிரி செடி. அதை வரைந்தேன். கீழே தாமரைக்குப் பதில் ரப்பர் மரங்கள், நிரை நிரையாக, ஒவ்வொன்றிலும் பால் பிடிக்கும் மங்கு. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் வந்து பார்த்த பெரியவர், "என்ன தம்பி, சாமியை வேலைக்குக் கொண்டுவந்துட்டே?" என்றார். ராத்திரியோடு ராத்திரியாக மலைமேல் நீலம் அடித்துவிட்டார்கள். கூலியில் பாதிதான் வந்தது. கோபம் இருந்தது, இப்போது இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பழைய படுதா.

வண்ணம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பார்கள். ரப்பர் மரத்திடம். பால் வடியும்போது ஒரு வெள்ளை, மங்கில் உறைந்தால் வேறு வெள்ளை, பட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் பழுப்பேறிக் கறுத்துப்போகும். புகைக்கூண்டிலிருந்து வரும் ஷீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தேன் நிறம். போர்டு எழுதும்போது வெள்ளையில் எப்போதும் ஒரு துளி மஞ்சள் கலப்பேன், அதனால்தான். அப்புறம் வருஷத் தொடக்கத்தில் மரம் இலை கொட்டும் சமயம். காடு முழுக்கச் செம்பும் ஆரஞ்சுமாக எரியும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அம்மா அண்ணாந்து பார்த்து, "பால் குறைஞ்சிடும்" என்பார். இலை கொட்டினால் சம்பளம் இறங்கும். எந்தச் சிவப்பை எடுத்தாலும் இன்றைக்கும் எனக்கு அம்மாவின் அந்தக் குரல் கேட்கும். என் படங்களில் சிவப்பு குறைவு என்று ஒரு விமர்சகர் எழுதினார், காரணம் அவருக்குத் தெரியாது.

அந்தப் பழைய படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ மேசைமேல். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். கண்ணாடி போடவில்லை, கை வைக்காமல் பாருங்கள். செல் அரித்ததில் அருவியில் பாதி போய்விட்டது, கையெழுத்து இருக்கிறது. முருகன் நெற்றியில் தெரிகிற திட்டு அச்சு மை இல்லை. கண்ணாடி உடைந்த அன்று, கைநடுக்கத்தோடு அம்மா காகிதத்தின் மேலேயே வைத்த குங்குமம்.