வூஸ்டர் தெரு, எண் 80: குழாய் போட்டவர்களின் கதை

(காட்சி: நியூயார்க், சோஹோ. வார்ப்பிரும்புத் தூண்கள், ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல்கள், கீழே விலை உயர்ந்த துணிக்கடைகள்.)

எழுபதுகளில் ஒருநாள். டைம் இதழின் கலை விமர்சகர் ராபர்ட் ஹ்யூஸ் தன் வீட்டுச் சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்த பிளம்பரின் முகம் தெரிந்த முகமாக இருக்கிறது. இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ்! நீங்கள் கலைஞர் ஆயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று பதறிப்போகிறார் ஹ்யூஸ். கலைஞன்தான், சில நேரம் பிளம்பரும்கூட, கொஞ்சம் தள்ளி நின்றால் வேலையை முடித்துவிடுவேன் என்கிறார் கிளாஸ். பின்னாளில் கிளாஸே சொன்ன கதை இது.

கேட்டவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தக் குழாயிலேயே மனசு நின்றுவிடுகிறது. அந்தக் காலத்தில் சோஹோவில் குழாய் போட்டதும் மின்கம்பி இழுத்ததும் தரை தேய்த்ததும் பெரும்பாலும் கலைஞர்களேதான். இன்று உலகின் விலை அதிகமான தெருக்களில் சோஹோ தெருக்களும் உண்டு. அந்த விலையில் எவ்வளவு பங்கு அவர்கள் கைவேலை?

(காட்சி: பழைய வரைபடம். ஹவ்ஸ்டன் தெருவுக்குக் கீழே உள்ள பகுதி நிறம் மாறுகிறது.)

சவுத் ஆஃப் ஹவ்ஸ்டன் என்பதுதான் சுருங்கி சோஹோ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய துணிக் கிடங்குகள், பட்டறைகள். ஒவ்வொரு தளமும் குறுக்குச் சுவரே இல்லாத ஒரே பெரிய கூடம். இதற்கு லாஃப்ட் என்று பெயர். பெரிய கேன்வாஸ் வரைகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? வாடகையும் குறைவு. ஆனால் அது தொழிற்பேட்டை. குடியிருக்கச் சட்டம் இடம் தரவில்லை. சோதனைக்கு ஆள் வந்தால் படுக்கையைச் சுருட்டி ஒளித்துவைக்க வேண்டும். 1961ல் ஒரு சிறிய சமரசம் ஏற்பட்டது. கட்டடத்தின் வாசலில் ஏ.ஐ.ஆர். என்று எழுதி, மாடி எண்ணையும் போட்ட பலகை ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். 'இங்கே கலைஞர் வசிக்கிறார்' என்று பொருள். தீப்பிடித்தால் எந்த மாடிக்கு ஓட வேண்டும் என்று தீயணைப்பு வீரருக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'காலியாகக் கிடந்த இடத்துக்குக் கலைஞர்கள் உயிர் கொடுத்தார்கள்' என்று சோஹோவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. 1963ல் நகர நிர்வாகத்துக்காக செஸ்டர் ராப்கின் தயாரித்த அறிக்கையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்களும் கறுப்பினத்தவரும் ஏராளம். அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பிறகுதான் அந்தத் தளங்கள் 'காலி' ஆயின. தையல் இயந்திரம் ஓடிய தரையில்தான் ஓவியத் தாங்கி நின்றது.

(காட்சி: வூஸ்டர் தெரு, எண் 80.)

சரி, இந்த வீட்டுக்கு வருவோம். ஜார்ஜ் மச்சூனாஸ், லித்துவேனியாவில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர், ஃப்ளக்ஸஸ் என்ற கலை இயக்கத்தைத் தொடங்கியவர். வாடகைக்கு இருக்கிற கலைஞன் என்றைக்கும் வீட்டுக்காரன் தயவில்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. 1967ல் நண்பர்களிடம் பணம் திரட்டி இந்தக் கட்டடத்தைக் கூட்டுறவாக வாங்கினார். நம் ஊர் ஃபிளாட் போல் பிரிபடாத பங்கு, பத்திரம், பட்டா என்று அங்கே எதுவும் இல்லை. கட்டடம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நீங்கள் அதில் பங்கு வாங்கினால் ஒரு தளத்தில் வாழும் உரிமை கிடைக்கும். சில ஆண்டுகளிலேயே இப்படி ஒரு டஜன் கட்டடங்களுக்கு மேல் உருவாக்கிவிட்டார்.

ஆனால் கணக்கு வழக்கில் அவர் மோசம். ஒரு கட்டடத்துக்கு வந்த பணத்தை இன்னொன்றில் போட்டுச் சமாளிப்பார். பங்கு விற்க அரசிடம் தாக்கல் செய்ய வேண்டிய ஆவணத்தையும் செய்யவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தேடத் தொடங்கியதும், கதவில் கூரான கத்திகளைப் பொருத்திவிட்டு உள்ளேயே இருந்தார். தான் வெளிநாட்டில் இருப்பதாகக் காட்ட, நண்பர்களை விட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து அஞ்சலட்டை அனுப்பவைத்தார். 1975ல், மின்வேலைக்குத் தர வேண்டிய பாக்கிக்காக ஆட்கள் வந்து அவரை அடித்தார்கள். ஒரு கண்ணில் பார்வை போனது. மூன்று ஆண்டுகளில், 46 வயதில், புற்றுநோயில் இறந்துபோனார்.

அந்தப் பாக்கியை நான் மறக்க விரும்பவில்லை. கம்பி இழுத்தவருக்கும் கூலி சேர வேண்டும்தானே. கலைஞர்களின் கனவு வீட்டிலும் யாரோ ஒருவரின் உழைப்பு கடனாக நின்றது.

(காட்சி: பிரின்ஸ் தெரு முனை. கறுப்பு வெள்ளைப் படம்.)

அந்தத் தெருக்களில் ஒன்றாகச் சாப்பிட ஓர் இடமும் இருந்தது. 1971ல் கரோல் குடன், கார்டன் மட்டா-கிளார்க், டீனா ஜிரார்ட் ஆகியோர் திறந்த உணவகம். பெயரே 'ஃபுட்'. சமைத்தது, பரிமாறியது, கழுவியது எல்லாம் கலைஞர்கள். கண்காட்சி வந்தால் விடுப்பு எடுக்கலாம், முடிந்ததும் திரும்பி வரலாம். ஒருநாள் முழுக்க எலும்புகளாலேயே விருந்து. சாப்பிட்டு முடித்ததும் எலும்புகளைத் தேய்த்துக் கழுவி மாலையாகக் கோத்து, சாப்பிட்டவர்கள் கழுத்திலேயே போட்டு அனுப்பினார்கள். மனம் நிறைகிற காட்சி. ஆனால் லாபம் வராத கடை. சில ஆண்டுகளில் அவர்கள் கையை விட்டுப் போனது.

அதே 1971ல் சட்டம் மாறியது. நகரத்தின் சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் அங்கே வசிக்கலாம். அப்புறம் என்ன, கலைப்படைப்புகளைக் காட்டி விற்கும் காலரிகள் வரிசையாக வந்தன, அவற்றின் பின்னால் பணக்காரர்கள் வந்தார்கள். சிற்பி டொனால்ட் ஜட் 1968ல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை 68,000 டாலருக்கு வாங்கினார். 2013ல் முடிந்த அதன் புதுப்பிப்புக்கு மட்டுமே 2.3 கோடி டாலர் ஆனது.

பங்கு வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். வாடகைக்கு இருந்தவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சொந்தக் காசில் கழிப்பறை கட்டி, சூடேற்றி பொருத்தி, இடத்தை வீடாக்கியதும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். வெளியேறுகிறவர் அடுத்து வருகிறவரிடம், தான் பொருத்திய சாதனங்களுக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1982ல் வந்த லாஃப்ட் சட்டம் அந்த உரிமையை எழுத்தில் ஏற்றது. சட்டம் அந்தக் கைவேலைக்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட அபூர்வமான இடம் அது. அதற்குள் எத்தனையோ பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். சோஹோவின் முதல் காலரியைத் திறந்த பவுலா கூப்பரும் 1996ல் நியூயார்க்கின் செல்சி பகுதிக்கு இடம் மாறினார்.

(காட்சி: இன்றைய வூஸ்டர் தெரு, மாலை.)

2021 டிசம்பரில் நகரமன்றம் விதியை மறுபடி மாற்றியது. கலைஞருக்கென ஒதுக்கிய தளத்தைச் சாதாரணக் குடியிருப்பாக மாற்ற வேண்டுமானால் சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது அந்த விதி. 2,000 சதுர அடி என்றால் இரண்டு லட்சம் டாலர். குடியிருப்போர் நீதிமன்றம் போனார்கள். அங்கே மிஞ்சியிருக்கும் முதல் தலைமுறைக் கலைஞர்களுக்கு வயதாகிவிட்டது. மாடி ஏற முடியாமல், விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்த நேரத்தில் வந்தது இந்த ரசீது. குழாய், மின்கம்பி, தரை எல்லாம் அவர்கள் போட்டவை. ரசீதில் சதுர அடி மட்டும்தான் இருந்தது.