எட்டு விரல்

(ஆவணப்படத் திரையிடலுக்குப் பின் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். விளக்கைப் போட்டதும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சிலர் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தீர்கள். நாற்பது நிமிடம்கூட ஓடாத 'தி லேடி இன் நம்பர் 6' படம் ஆளை இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுக்கிறது. யூத இனப்படுகொலையில் தாயையும் கணவரையும் பறிகொடுத்த, நூறைத் தாண்டிய பியானோக் கலைஞர் ஆலிஸ் ஹெர்ட்ஸ்-சோமர் என்ற ஒரு பாட்டி லண்டனில் தனியாக உட்கார்ந்து இப்படிக் கலகலவென்று சிரித்தால் நாம் என்னதான் செய்வது?

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எனக்கு ஒரு சின்னக் கவலை. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோமோ என்று. அதனால் அதற்கு முன்னால் நடந்ததைக் கொஞ்சம் பேசுகிறேன்.

1942. நாஜிகள் பிடியில் இருந்த செக் நாட்டுப் பிராக் நகரம். எழுபதைக் கடந்த தாய் சோஃபியை, யூதர்களைத் திரட்டி அனுப்பும் இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறார் ஆலிஸ் ஹெர்ட்ஸ்-சோமர். தாய் முதுகில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். இனி பார்க்கப்போவதில்லை. கணவரோ மருத்துவரோ பெற்ற பிள்ளையோ தன்னைத் தேற்ற முடியாது என்பது நடந்து வரும்போதே அவருக்குப் புரிந்துவிடுகிறது. இசைமேதை ஷோப்பானின் 24 எட்யூட்களையும் வாசி என்று உள்ளே ஒரு குரல் சொன்னதாம்.

எட்யூட் என்றால் பயிற்சிப் பாடம். பெயரைக் கேட்டு நம் சரளி வரிசை மாதிரி என்று எண்ணிவிடாதீர்கள். கைதேர்ந்த பியானோக்காரர்களே தயங்கும் உருப்படிகள் அவை. பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் கையை முறித்துப் போட்டுவிடும். ஆலிஸ் வீட்டுக்குப் போனார், பியானோ முன் உட்கார்ந்தார். அசுர சாதகம் என்று நம் ஊரில் சொல்வோமே, அது.

1943 ஜூலையில் அவர் முறை வந்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவு. ஆறு வயது மகன் தன் கட்டிலில் கடைசியாக ஒரு தடவை தூங்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு இருக்கிறார்கள். அப்போது செக் நண்பர்கள் வருகிறார்கள். ஒன்றும் பேசவில்லை. மிச்சமிருந்த படங்கள், கம்பளம், மேசை நாற்காலி என்று கண்ணெதிரிலேயே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இழவு வீட்டில் பங்கு பிரிப்பது மாதிரி. எல்லோரும் போனபின், அதே கட்டடத்தில் குடியிருந்த நாஜி ஒருவர் மனைவியோடு வருகிறார், கையில் பிஸ்கட். குடும்பத்தோடு நீங்கள் திரும்பி வரவேண்டும், இத்தனை நாள் உங்கள் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்தேன், நன்றி என்கிறார். அன்றிரவு வந்தவர்களில் மனிதராக நடந்துகொண்டவர் அந்த ஆள்தான் என்று ஆலிஸ் பின்னாளில் சொன்னார். நல்லவர், கெட்டவர் என்று கோடு கிழித்து வைத்திருப்பவர்களுக்கு இது வசதியான கதை இல்லை. எனக்கும் இல்லை.

போய்ச் சேர்ந்த இடம் தெரேசியன்ஸ்டாட், யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்த முகாம். அங்கே அவர் 100க்கும் மேற்பட்ட கச்சேரிகளில் வாசித்தார், அந்த எட்யூட்களையும் சேர்த்து, தாள் இல்லாமல் மனப்பாடமாக. மகன் 'புருண்டிபார்' என்ற சிறுவர் இசை நாடகத்தில் சிட்டுக்குருவியாகப் பாடினான். நாஜிகள் இதையெல்லாம் ஏன் விட்டுவைத்தார்கள்? ஊருக்குக் காட்டத்தான். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தார்கள். அதற்காக ரோஜாச் செடி நட்டார்கள், போலிக் கடைகள் திறந்தார்கள். நெரிசல் தெரியக்கூடாதென்று அதற்கு முந்தைய மாதம் ஏறத்தாழ 7,500 பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அதனால்தான் படத்தோடு எனக்கு ஒரு வழக்கு. 'இசை என் உயிரைக் காத்தது' என்று அதற்கொரு துணைத் தலைப்பு உண்டு. ஆலிஸ் சொன்னால் கைகட்டிக் கேட்கலாம், அவர் வாழ்க்கை அது. ஆனால் அதே முகாமில் இருந்த, 'புருண்டிபார்' நாடகத்துக்கு இசையமைத்த ஹான்ஸ் கிராசாவுக்கும் இசை தெரியும். அங்கேயே இருந்த இசையமைப்பாளர்கள் விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், எல்லோரும் மகா வித்வான்கள். மூவரையும் 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அவர்களுக்கு மட்டும் நம்பிக்கை குறைந்துபோயிற்றா என்ன?

ஆலிஸ் பிழைத்ததில் கணவர் லியோபோல்டின் ஒரு வார்த்தைக்கும் பங்குண்டு. 1944 செப்டம்பரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றும்போது, எதற்கும் நீயாகப் பெயர் கொடுக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். சில நாளில், கணவர்களிடம் போக விரும்பும் மனைவிமார் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. பல பெண்கள் ஆசையோடு பெயர் கொடுத்தார்கள். ஆலிஸ் கொடுக்கவில்லை. லியோபோல்ட் 1945இல் டாகாவ் முகாமில் இறந்தார்.

பிறகு இஸ்ரேல், 1986 முதல் லண்டன். செல்லோ வித்வானாக வளர்ந்த அந்த மகனும் 2001இல் தாய்க்கு முன்னே போய்விட்டார். அப்போது ஆலிஸுக்கு 98 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகும் அவர் தினமும் பியானோ முன் உட்கார்ந்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் ஆளுக்கு ஆள் வழங்கும் ஆறுதல் வார்த்தைக்கும் இந்த உட்காருதலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. முதுமையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. விரல் வைக்கும் முறையையே மாற்றி, மீதி எட்டு விரல்களுக்கு உருப்படிகளைப் புதிதாகப் பழக்கினார்.

2014 பிப்ரவரி 23 அன்று, 110 வயதில் காலமானார். மறு வாரமே, மார்ச் 2 அன்று, குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

கடைசி பஸ்ஸுக்கு அவசரமில்லாதவர்கள் இருங்கள், இன்னொரு தடவை ஓட்டுகிறார்கள். இந்த முறை முகத்தை விட்டுவிடுங்கள். கையைப் பாருங்கள்.