ரேம் சிப்பைச் சூடாக்கும் முன் போர்டைக் காயவையுங்கள்

[திரையில்: லேப்டாப் போர்டு, பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கறுப்பு சிப்கள்]

வணக்கம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைக் கழற்றி மாட்ட முடியாது. இந்தக் கறுப்புச் சதுரங்கள்தான் ரேம். ஒவ்வொன்றின் அடியிலும் கடுகைவிடச் சின்னச் சின்ன சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) உருண்டைகள் வரிசை கட்டி நிற்கும். சிப்பும் போர்டும் ஒரே அளவில் விரிவதில்லை. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் நடுவில் மாட்டிய உருண்டைதான் இழுபடும். முக்கியமான உருண்டை ஒன்று விரிசல் விட்டாலே போதும்: பவர் லைட் எரியும், ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

சிப்பை விரலால் லேசாக அழுத்திக்கொண்டே ஆன் செய்து பாருங்கள். படம் வந்தால் ஒட்டு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த உருண்டைகளைத் திரும்ப உருக்கி ஒட்டவைப்பதுதான் ரீஃப்ளோ.

உடனே சூடான காற்றை அடிக்கும் ஹாட் ஏர் மெஷினைக் கையில் எடுத்துவிடாதீர்கள். குறிப்பாக நம் நீலகிரியில்.

[திரையில்: குன்னூர், ஜன்னலுக்கு வெளியே மூடுபனி]

கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. அலமாரியில் வைத்த செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊர். சிப்பின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தொட்டுப் பார்த்தால் தெரியாது. 200 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்போது அந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உறையை உள்ளிருந்தே பிளந்துவிடும். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அதைக் கேட்டால் சிப் அநேகமாகப் போனதுதான். அதுவரை கெட்டிருந்தது வெறும் ஒட்டு மட்டும்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

அதனால் முதலில் டேட்டா இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி டேட்டாவைக் காப்பி எடுங்கள். அப்புறம் பேட்டரி, பட்டன் செல், ஃபேன், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, போர்டை ஓவனில் 80 முதல் 90 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். சமையல் ஓவன் வேண்டாம், இதற்கென்றே ஒன்று தனியாக இருக்கட்டும். அவசரம் என்று கஸ்டமர் நச்சரித்தாலும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

[திரையில்: ப்ரீஹீட்டர் மேல் போர்டு, சுற்றிலும் சூடு தாங்கும் மஞ்சள் கேப்டான் டேப்]

இனி சூடு. மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதுபோல் சால்டரும் சீக்கிரம் உருகுமா என்று கேட்கிறார்கள். உருகாது. வழக்கமாகப் போடும் ஈயம் கலக்காத சால்டர் ஊட்டியிலும் 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். மாறுவது அறையின் குளிர். கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். அடியிலிருந்து ப்ரீஹீட்டரால் 150 டிகிரி வரை நிதானமாக ஏற்றுங்கள். இல்லையென்றால் போர்டு வளைந்துவிடும்.

சிப்பின் ஓரம் முழுக்க, சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் விட்டு, மேலிருந்து ஹாட் ஏர். மெஷினில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைச் சிப்பின் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். 235 தொட்டால் போதும். ட்வீசர் நுனியால் சிப்பின் ஓரத்தை இம்மி அளவு தள்ளுங்கள். உருண்டைகள் உருகியிருந்தால் சிப் மிதந்தபடி நகர்ந்து, தானாகவே பழைய இடத்துக்கு வந்து உட்காரும். அந்த நொடியில் சூட்டை நிறுத்துங்கள். தானாக ஆறட்டும், ஊதவே கூடாது.

ஆறியதும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வைத்து ஃபிளக்ஸைத் துடைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். பிழை இல்லையென்றால் கொடுத்துவிடலாம். ஆனால் ரீஃப்ளோ செய்த ஒட்டு திரும்பவும் விடக்கூடும் என்பதைக் கஸ்டமரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீடித்து உழைக்க வேண்டுமானால் சிப்பை எடுத்துப் புது உருண்டை வைக்கும் ரீபாலிங்தான் வழி. மெம்டெஸ்டில் ரேமின் ஒரே முகவரியில் (ஒரே இடத்தில்) திரும்பத் திரும்பப் பிழை வந்தால் சிப்பே பழுதாகியிருக்கலாம். அதை மறுபடி சூடாக்காதீர்கள், அதே பார்ட் நம்பரில் வேறு சிப் போடுங்கள்.